பத்தொன்பதுக்குக் கீழே ஒரு தாய்

1930 ஏப்ரல் மாதத்தில் தமிழ்க் கடற்கரையில் இரண்டு சட்டங்கள் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருந்தன. ஒன்று உப்புச் சட்டம். கடல் கொண்டுவந்து போட்ட உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம் என்றது அது. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜியின் அணி மாத இறுதியில் வேதாரண்யத்தில் உப்பை அள்ளியது. உடனே கைது, உடனே சிறை. அந்தப் போராட்டத்தில் சிறைசென்ற முதல் பெண் ருக்மிணி லட்சுமிபதி.

இன்னொன்று சாரதா சட்டம் என்று அழைக்கப்பட்ட குழந்தை மணத் தடுப்புச் சட்டம். 1929 செப்டம்பரில் நிறைவேறி, 1930 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. பதினான்கு வயதுக்குள் பெண்ணுக்கும், பதினெட்டு வயதுக்குள் ஆணுக்கும் மணம் முடிப்பது குற்றம் என்றது. இந்தச் சட்டத்தை மீறியவர்களால் எந்தச் சிறையும் நிரம்பவில்லை. அமலுக்கு வருவதற்கு முந்தைய ஆறு மாத இடைவெளியில் நாடெங்கும் அவசர அவசரமாகப் பந்தல் போட்டுச் சிறுமிகளுக்குத் தாலி கட்டினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவியரின் எண்ணிக்கை முந்தைய கணக்கெடுப்பைவிட வெகுவாக உயர்ந்திருந்தது.

ஒரு பிடி உப்புக்காகக் காவல்துறையை ஓடிவரச் செய்த அதே அரசு, ஒரு சிறுமியின் உடலுக்காக அசையவில்லை. சாரதா சட்டத்தின்கீழ் காவலர் தாமாகக் கைது செய்ய முடியாது. யாராவது தனிமனிதர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுப்பவரிடம் நூறு ரூபாய் வரை பிணைத்தொகை கேட்கலாம். ஓராண்டு கடந்துவிட்டால் வழக்கே கிடையாது. சிறுமியை மணந்த வளர்ந்த ஆணுக்கு அதிகபட்சம் ஒரு மாத வெறுங்காவலும் ஆயிரம் ரூபாய் அபராதமும். நடந்துவிட்ட திருமணமோ செல்லும். அதற்குள் அந்தப் பெண் கருவுற்றிருந்தால் அவளுக்கு என்ன வழி என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த இல்லாத வரியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து மரக்காணத்து உப்பளங்களில் நின்று பார்க்கும்போதும் அது எழுதப்படாமலே கிடக்கிறது.

ஓர் எண்ணின் வரலாறு

சிறுமியின் உடலைப் பற்றி இந்தியச் சட்டம் பேசத் தொடங்கியதே ஓர் எண்ணோடுதான். 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் அந்த எண் பத்து. பத்து வயதைக் கடந்த மனைவியோடு கணவன் உறவுகொள்வது குற்றமல்ல. 1890இல் கல்கத்தாவில் புல்மோனி தாசி வழக்கு வந்தது. பத்து, பதினொரு வயதுச் சிறுமி. முப்பது வயதைத் தாண்டிய கணவனின் வன்புணர்வில் ரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்தாள். அவள் பத்தைத் தாண்டியிருந்ததால் கணவன் மீது வன்புணர்வுக் குற்றம் சாட்ட முடியவில்லை. கொடுங்காயம் விளைவித்ததாக ஓராண்டுச் சிறை, அவ்வளவுதான். இந்த மரணம் எழுப்பிய அதிர்ச்சியும், சிறு மனைவியரின் சிதைந்த உடல்களைக் கண்ட பெண் மருத்துவர்கள் வைஸ்ராய்க்கு அனுப்பிய மனுவும் சேர்ந்து 1891இல் அந்த எண்ணைப் பன்னிரண்டாக்கின. மதத்தில் அரசு தலையிடுகிறது என்று திலகர் எதிர்த்தார். 1925இல் அது திருமணத்துக்குள் பதின்மூன்று, வெளியே பதினான்கு ஆனது.

சென்னை மாகாணத்தில் இந்த விவாதத்தைத் தன் தோளில் தூக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில், தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்றவர். சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்த முதல் பெண் உறுப்பினர். 1928இல் ஆணின் மணவயது இருபத்தொன்றாகவும் பெண்ணின் மணவயது பதினாறாகவும் இருக்க வேண்டும் என்று மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். சாரதா சட்டம் கடைசியில் கொடுத்த பதினான்கைவிட இரண்டு ஆண்டுகள் கூடுதலாக அவர் கேட்டிருந்தார். மகப்பேற்று அறையில் நின்று பார்த்த மருத்துவரின் கணக்கு அது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடும் பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தது. செங்கல்பட்டு மாநாடு அதோடு நிற்கவில்லை. பெண்ணுக்குச் சொத்துரிமை, பிடிக்காத மணத்திலிருந்து விலகும் உரிமை இரண்டையும் சேர்த்தே கேட்டது. வயதை உயர்த்தினால் மட்டும் போதாது, அந்த வயதுவரை அவள் நிற்பதற்குத் தரையும் வேண்டும் என்பது அங்கே புரிந்திருந்தது.

முத்துலட்சுமிக்கும் புரிந்திருந்தது. 1930இல், போக இடமில்லாத தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லம் ஆயிற்று. சட்டமன்றத்தில் வயதைப் பற்றிப் பேசிய அதே பெண் வீட்டில் பாய் விரித்துச் சோறு போட்டாள். இந்த இரண்டாம் பாதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

பிறகு எண் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. 1949இல் பெண்ணின் மணவயது பதினைந்து, 1978இல் பதினெட்டு. 2006இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2012இல் போக்சோ. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பதினெட்டு நிரம்பாத மனைவியோடு கொள்ளும் உறவும் வன்புணர்வே என்றது. 2021இல் மணவயதை இருபத்தொன்றாக்கும் மசோதாவும் வந்து, மக்களவை கலைந்தபோது காலாவதியானது.

குறைந்தது எது, கூடியது எது

தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணம் குறைந்திருக்கிறது. இருபது முதல் இருபத்து நான்கு வயதுப் பெண்களில் பதினெட்டுக்குள் மணமானவர்கள் 2015–16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 16.3 விழுக்காடு. 2019–21இல் 12.8 விழுக்காடு. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அதே கணக்கெடுப்பின் இன்னொரு வரிசையையும் பார்க்க வேண்டும். பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்குள் ஏற்கெனவே தாயாகிவிட்ட, அல்லது கருவுற்றிருந்த பெண்கள் 5.0 விழுக்காட்டிலிருந்து 6.3 விழுக்காடாக உயர்ந்திருக்கிறார்கள். நாடு முழுவதும் இந்த விகிதம் குறைந்தபோது தமிழ்நாட்டில் கூடியது.

நூறு பேரில் ஆறு பேர் என்றால், வகுப்பறையில் ஒரு வரிசை. அந்த வரிசை வகுப்பில் இருப்பதில்லை என்பதுதான் விஷயம்.

இந்தப் பருவத்துக் கர்ப்பம் உடலை என்ன செய்யும் என்பதில் மருத்துவத்துக்குச் சந்தேகமில்லை. வலிப்பு வரை போகும் ரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பிந்தைய தொற்று ஆகியவை வளர்ந்த பெண்களைவிட இவர்களுக்கு அதிகம். குறைமாதத்தில், எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் அதிகம். தன் வளர்ச்சிக்கே உணவு போதாத உடல் இன்னோர் உடலையும் வளர்க்கிறது. இதையெல்லாம் எழுதுபவர்கள் வழக்கமாக அடுத்த பத்தியில் விழிப்புணர்வு என்ற சொல்லுக்குப் போய்விடுவார்கள். நான் உப்பளத்துக்குப் போகிறேன்.

பாத்திகளுக்கு நடுவில்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குக் கண்ணாடி பதித்தது போன்ற பாத்திகளும் வெள்ளை அம்பாரங்களும் தெரியும். ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்நூலில் உப்பு வணிகரின் வண்டியோடு வந்த மந்தி ஒன்று, உமணப் பெண்கள் பெற்ற பிள்ளைகளோடு முத்தைக் கிலுகிலுப்பையாக்கி விளையாடும். வகுப்பில் இந்த இடத்தை நடத்தும்போது மாணவிகள் சிரிப்பார்கள். வண்டியோடு நடந்தே வந்து, வழியிலேயே பெற்று, வழியிலேயே வளர்த்த அந்த உமட்டியின் முகம் எந்த உரையாசிரியருக்கும் தேவைப்படவில்லை.

தை பிறந்தபின் தொடங்கி மழை வரும்வரைதான் உப்பு. விடிவதற்குள் பாத்தியில் இறங்க வேண்டும். ஆண்கள் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் அன்னக்கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார்கள். உப்புநீரில் ஊறிய பாதங்கள் வெடித்துக் காய்த்துப்போகும். கைக்குழந்தையைக் கிடத்த வரப்பில் நிழல் கிடையாது. ஐப்பசி வந்துவிட்டால் வேலையே கிடையாது. 2011 இறுதியில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று புயல்கள் வேறு.

இப்படிப்பட்ட வீட்டில் வயதுக்கு வந்த பெண் தனியே இருப்பது அவள் தாய்க்கு ஒரு கவலை. விடியலில் அம்மாவும் அப்பாவும் உப்பளம் போய்விட்டால் வீட்டில் யார்? அதோடு சாதி. 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் நடந்த மோதலில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. அதற்கு முந்தைய மாதங்களில் வடமாவட்ட மேடைகளில் காதல் நாடகம் என்ற சொல் திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்தது. தங்கள் வீட்டுப் பெண்ணை யாரோ கவர்ந்துகொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சத்தை அந்த மேடைகள் விதைத்தன. அச்சத்தின் விளைச்சல், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு அத்தை மகனுக்கோ தாய்மாமனுக்கோ முடித்துவிடும் அவசரத்தில் தெரிந்தது. அந்த அவசரத்துக்குப் பயந்து, பிடித்தவனோடு புறப்பட்டுவிடும் பெண்களும் உண்டு. இரண்டு வழியும் ஓராண்டுக்குள் ஒரே பிரசவ அறையில் போய் முடிகின்றன.

நாட்டார் வழக்காற்றுக் களப்பணிக்காக மாணவியரோடு அங்கே போயிருந்தபோது, மதியச் சாப்பாட்டு வேளையில் எங்களோடு ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார். என்னைவிட இளையவர்.

“உங்களுக்கு எத்தினி புள்ளைங்க டீச்சரு?” என்று அவர்தான் தொடங்கினார். சொன்னேன். “எனக்குப் பேரனே இருக்கான். முப்பத்தி நாலு வயசுல ஆயா ஆயிட்டேன்” என்றார்.

அவருக்கு முதல் குழந்தை பதினாறில். அந்த மகளுக்குப் பதினேழில். மகளின் கணவனுக்கு அப்போது இருபது. இரு வீட்டாரும் கோயிலில் தாலி கட்டவைத்தார்கள். ஆறாம் மாதம் பதிவுக்குப் போனார்கள்.

“பத்தொம்போதுன்னு சொல்லுடின்னு சொல்லித்தான் கூட்டிம்போனேன். ஆதாருல இருக்குதே. வயசு கேட்டாங்க, எந்தத் தேதில தாலி கட்டுனாங்கன்னு கேட்டாங்க, அவன் எங்க வேல செய்யறான்னு கேட்டாங்க. போலீஸ் வந்து அவனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. புள்ள பொறந்தப்ப அவன் உள்ள இருந்தான். சாப்டியாம்மான்னு எம்பொண்ணக் கேட்டது அந்த வார்டு ஆயா மட்டுந்தான்.”

“பணம் வந்துச்சாக்கா?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள்.

“எந்தப் பணம்? அது பத்தொம்போது ஆனவங்களுக்காம். அந்த வருசம் நான் மழைக்காலத்துல சித்தாளு வேலைக்கும் போனேன்” என்றபடி அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பெயர் அவருடையது

அவர் சொன்ன பணம், தமிழ்நாடு அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் பணம். 1987இல் தொடங்கிய திட்டம். 2006இல் ஆறாயிரம், 2011இல் பன்னிரண்டாயிரம், 2018இல் பதினெட்டாயிரம் ரூபாயாக வளர்ந்தது. கர்ப்ப காலத்தில் கூலி இழக்கும் பெண்ணுக்கு ஈடாகவும், சத்துணவுக்காகவும் தரப்படுவது. உலகில் பல நாடுகளில் இல்லாத நல்ல திட்டம். அதன் நிபந்தனைகளில் ஒன்று: தாய்க்குப் பத்தொன்பது வயது நிறைந்திருக்க வேண்டும். ஒன்றிய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்துக்கும் குறைந்தபட்ச வயது நிபந்தனை உண்டு.

சிறு வயதுத் தாய்மைக்கு எதிராகப் போராடிய பெண்ணின் பெயரால் நடக்கும் திட்டத்தில், சிறு வயதுத் தாய்க்கு இடமில்லை. இரத்தசோகையும் குறைமாதப் பிரசவமும் அதிகம் தாக்கும் உடலுக்குத்தான் சத்துணவுப் பெட்டகம் கிடையாது.

இதற்குச் சொல்லப்படும் காரணம் எனக்குத் தெரியும். பணம் கொடுத்தால் சிறுவயது மணத்தை ஊக்குவித்ததாகிவிடும் என்பார்கள். எந்தத் தாயும் பதினெட்டாயிரம் ரூபாய்க்காகத் தன் மகளுக்குப் பதினேழில் தாலி கட்டுவதில்லை. கட்டிய பிறகு அவளைப் பட்டினி போடுவதால் தாலி அவிழ்வதுமில்லை. தவறு செய்த பெரியவர்களுக்கான தண்டனை, தவறை முடிவு செய்யாத சிறுமியின் வயிற்றிலும் அவள் குழந்தையின் எடையிலும் போய் விழுகிறது.

போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு நிரம்பாத பெண் கருவுற்று வந்தால் மருத்துவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவருக்கே தண்டனை. இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சொந்தக்காரனாலும் முதலாளியாலும் ஆசிரியராலும் சிதைக்கப்பட்ட சிறுமிகளுக்குக் கையில் இருக்கும் ஒரே கருவி அது. பதினேழு வயதுப் பெண்ணின் விருப்பம் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு அவளுடையது என்ற கேள்வியையும் நாம் கைவிடக் கூடாது. ஆனால் மருத்துவமனை வாசல் காவல்நிலைய வாசலாக மாறும்போது, பயந்த குடும்பம் பதிவையே தள்ளிப்போடுகிறது. முதல் ஸ்கேனும் இரும்புச்சத்து மாத்திரையும் தள்ளிப்போகின்றன. கருவைக் கலைக்க வரும் சிறுமியின் பெயரை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. பெற்றுக்கொள்ள முடிவு செய்தவளுக்கு, அல்லது வேறு வழியின்றிப் பெறுகிறவளுக்கு, அந்த மறைப்பும் இல்லை.

பொறுப்பு யாருடையது

பதின்பருவத் தாய்மை பற்றிய பேச்சில் பொறுப்பு என்ற சொல் பெரும்பாலும் பெண்ணை நோக்கியே நீளும். பொறுப்பில்லாமல் நடந்துகொண்டாள், இனிப் பொறுப்பாக வளர்க்க வேண்டும். அவளைக் கருவுறச் செய்தவனின் பொறுப்பு சிறையோடு முடிந்துவிடும், அல்லது அவன் தப்பியதோடு முடிந்துவிடும்.

சட்டத்தில் வேறொன்றும் இருக்கிறது, அதிகம் பேர் படிக்காதது. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறுவயதில் மணமான பெண், பதினெட்டு நிறைந்து இரண்டு ஆண்டுகள் முடியும்வரை அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரலாம். அப்படிக் கோரினால் அவள் மறுமணம் செய்யும்வரை கணவன் ஜீவனாம்சம் தர வேண்டும். அவனும் சிறுவனாக இருந்தால் அவனுடைய பெற்றோர் தர வேண்டும். அவள் தங்குவதற்கான ஏற்பாட்டுக்கும் நீதிமன்றம் உத்தரவிடலாம். பிறந்த குழந்தை சட்டபூர்வமான குழந்தை. குழந்தையின் நலன் கருதியே அது யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கப்படும். கைது செய்யும் பிரிவுகள் காவல்நிலையத்துக்குத் தெரிகின்றன. இந்தப் பிரிவுகளை அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல யாரும் வருவதில்லை.

மேற்கு வங்கத்தில் பதினான்கு வயதுச் சிறுமி இருபத்தைந்து வயது ஆணோடு வாழ்ந்து குழந்தை பெற்ற வழக்கை இங்கே சொல்ல வேண்டும். 2023இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவனை விடுவித்ததோடு, வளரிளம் பெண்கள் இச்சையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அறிவுரையும் சொன்னது. உச்ச நீதிமன்றம் தானாக அந்த வழக்கை எடுத்து, 2024 ஆகஸ்டில் அவனைக் குற்றவாளி என்றது. பிறகு நிபுணர் குழு ஒன்றை அந்தப் பெண்ணிடம் அனுப்பியது. தன் கணவனை மீட்க வழக்குச் செலவுக்குக் கடன்பட்டு அலைந்துகொண்டிருந்தாள் அவள். நடந்த செயலைவிட அதற்குப் பிந்தைய சட்டப் போராட்டமே அவளை அதிகம் வதைத்தது என்று 2025 மே மாதம் நீதிமன்றம் கண்டது. தண்டனை விதிக்காமல் விட்டது. அவள் படிப்பையும் குழந்தையின் படிப்பையும் மாநில அரசு ஏற்க வேண்டும், அவள் கடனைத் தீர்க்க வேண்டும் என்றது.

குற்றத்தைக் குற்றம் என்று சொல்லிவிட்டுத் தண்டிக்காமல் விட்டது சரியா என்பதில் பெண்ணியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, நீதிமன்றம் அவளிடம் கேட்ட கேள்வி. புல்மோனியின் காலத்திலிருந்து வயது என்ன என்று மட்டும் கேட்ட சட்டம், உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாயிடம் கேட்டது. ஆனால் அது உச்ச நீதிமன்றம்வரை போன ஒருத்திக்குக் கிடைத்தது.

பள்ளி வாசல்

தான்சானியாவில் கருவுற்ற சிறுமியர் அரசுப் பள்ளியில் படிக்கக் கூடாது என்ற தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. பிள்ளை பெற்றவள் திரும்பவே கூடாது என்று 2017இல் அந்நாட்டு அதிபரே அறிவித்தார். பெண்கள் விடாமல் போராடினார்கள். 2021 நவம்பரில் தடை நீங்கியது. ஜமைக்காவிலோ 1978லேயே பதின்பருவத் தாய்மாருக்கென்று ஒரு மையம் தொடங்கினார்கள். கர்ப்ப காலத்தில் அங்கே பாடம் தொடரும். பிள்ளை பிறந்தபின் பழையபடி பள்ளிக்கு அனுப்புவார்கள்.

நம்மிடம் எழுதப்பட்ட தடை எதுவும் இல்லை. ஆகவே போராடி நீக்கவும் எதுவும் இல்லை. மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுக்கும் தலைமையாசிரியர், மற்ற பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்னும் பெற்றோர், வெட்கத்தில் தானே நின்றுவிடும் பெண் என்று தடை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. கல்லூரியில் சேரும் அரசுப்பள்ளி மாணவிக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் அரசு இது. பதினோராம் வகுப்பிலேயே பால் கட்டிய மார்போடு வீட்டில் உட்கார்ந்துவிட்டவள் அந்த ஆயிரத்தை எட்டுவது எப்படி?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பத்தொன்பது என்ற நிபந்தனையை நீக்க ஓர் அரசாணை போதும். காவல்துறைக்குத் தகவல் போகும் அதே நாளில், சட்ட உதவி மையத்திலிருந்து ஒரு பெண் வழக்கறிஞரும் அந்தச் சிறுமியிடம் போக வேண்டும். ஜீவனாம்சத்தைப் பற்றி, திருமணத்தைச் செல்லாததாக்கும் உரிமையைப் பற்றி, கருவைக் கலைக்க இருபத்து நான்கு வாரம்வரை சட்டம் தரும் இடத்தைப் பற்றி அவளிடம் நேராகப் பேச வேண்டும். உப்பளத்தின் ஓரத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். பிள்ளை பெற்றவளைப் பள்ளி திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுத்தில் ஓர் ஆணை வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் ஒருத்திக்கு, பத்தாம் வகுப்புவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து பிறகு வராமல்போன தோழி ஒருத்தியாவது இருப்பாள். அவள் எண் உங்கள் கைப்பேசியில் இன்னும் இருக்கலாம். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத முடியும் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.